பெரியவர் வரிசையில் லெனோராவின் இடம்

லெனோரா ராட்மாக்கர் தன்னுடைய கல்லறைக்குத் தானே பூ கொண்டுபோகிறவள். புருஷன் கல்லறை என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் கல் ஒன்று, பெயர் இரண்டு. இடது பக்கம், 'எமெட் ராட்மாக்கர், மாநிலச் சட்டசபை உறுப்பினர், மக்களின் தொண்டர்' என்று விரல் புதையும் ஆழத்துக்கு வெட்டியிருந்தது. வலது பக்கம், மழையில் நனைந்தால் மட்டும் தெரிகிற மெலிந்த எழுத்தில் 'லெனோரா, இவருடைய மனைவி'. அதற்குக் கீழே அவள் பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, '19' என்று இரண்டு இலக்கம். அதற்கப்புறம் வழவழவென்று வெறும் கல்.

தெற்கு டகோட்டாவில் அந்தப் பக்கத்து வழக்கம் இது. ஜோடியில் ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர் பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். சாவு வருஷத்தைப் பிற்பாடு நிரப்பிக்கொள்ளலாம். எமெட்டுக்கோ அந்தப் பொறுமையும் இல்லை. சாவதற்கு முன்பே கல்தச்சன் பட்டறையில் போய் நின்று தன் கல்லை வெட்டுவித்தவர் அவர். எப்படியும் இந்த நூற்றாண்டைத் தாண்ட மாட்டாள் என்று மனைவிக்கும் பத்தொன்பதைப் போட்டுவைக்கச் சொல்லிவிட்டார். அரசாங்கச் செலவென்றால் தாராளம், சொந்தச் செலவென்றால் முன்யோசனை. கல் வெட்டி முடித்த அதே இலையுதிர் காலத்தில், போன வருஷம்தான், போய்ச் சேர்ந்தார்.

இப்போது நடப்பது தொண்ணூற்றெட்டாம் வருஷம். லெனோராவுக்கு எழுபத்து நான்கு வயது. ரத்த அழுத்தம்கூடக் கிடையாது.

"சீக்கிரம் போய்ச் சேரணும், அடிலெய்டு. ரெண்டாயிரம் பொறந்துட்டா கல்லு வீணாப் போயிடும். மனுஷன் செத்தும் எனக்குக் கெடு வெச்சுட்டுப் போயிருக்கார்," என்பாள் பக்கத்து வீட்டுக்காரியிடம்.

அடிலெய்டு க்ரும் சிரிக்க மாட்டாள். அவள் ஓய்வுபெற்ற டீச்சர், பிக்ஸ்பி மாவட்டச் சரித்திரச் சங்கத்தின் தலைவி. சங்கத்தின் மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சரித்திரத்தோடு சேர்ந்துவிட்டதால் செயலாளரும் அவளேதான்.

"அப்படிப் பேசாதே லெனோரா. பெரியவர் வரிசையில ஓர் இடம் கிடைக்காதான்னு ஏங்கறவங்க எத்தனை பேர் தெரியுமா?"

"ஏங்கறவங்களைக் கொண்டுபோய்ப் போடு. நான் விட்டுக்குடுக்கறேன்."

பெரியவர் வரிசை என்பது ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் மேட்டுப் பகுதி. அரசியலில் இருந்தவர்களுக்கென்று யாரோ ஒதுக்கிவைத்தது. ஊரில் ரயில் நின்றுபோயிற்று, வங்கி மூடிவிட்டது, இளசுகள் வேலை தேடி சூ ஃபால்ஸுக்குப் போய்விட்டார்கள். மேடு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. முதலாவதாக நிற்பது காங்கிரஸ் உறுப்பினர் ஜெஃப்தா கோல்ட்வெயிட்டின் ஸ்தூபி. தானியக் கோபுரத்துக்கு அடுத்தபடி மாவட்டத்தில் உயரமானது அதுதான். 'நாட்டுக்கே உயிர் தந்தார்' என்று எழுதியிருக்கும். உயிரைத் தந்தது கலிபோர்னியாவில், ஒரு ஹோட்டலில் பாடுகிற பெண்ணுடைய வீட்டில். உடம்பும் அங்கேதான். இங்கே ஸ்தூபிக்குக் கீழே நல்ல கறுப்பு மண். அவருக்கு அடுத்தவர் மூன்று வாரம் துணை ஆளுநராக இருந்தவர். மூன்று வாரத்துக்கு என்னத்தை எழுதுவது என்று திணறி, கடைசியில் ஒரு கழுகைச் செதுக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நீதிபதி, ஒரு வரி ஆணையர். அப்புறம் எமெட்.

லெனோராவுக்கு வேண்டிய இடம் வேறு. ஊருக்கு வடக்கே, சரளைச் சாலை தேய்ந்து வயலாகிற இடத்தில் ஒரு லூத்தரன் மாதாகோவில் இருந்தது. இப்போது கூரை இல்லை, கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. அங்கே ஒரு கல் ஆட்டுக்குட்டிக்குக் கீழே அவளுடைய முதல் குழந்தை எல்சி கிடக்கிறாள்.

எல்சி போனது ஒரு ஜனவரியில், நெஞ்சுச்சளிக் காய்ச்சலில். அந்தக் காலத்தில் ஜனவரியில் செத்தவர்களைப் புதைக்க முடியாது. நிலம் இரும்பாகிவிடும், கடப்பாரை தெறிக்கும். குளிர்காலத்துப் பிணங்கள் வசந்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எல்சியின் பெட்டி தானியக் கொட்டகையில், எலி ஏறாத உயரத்தில் காத்திருந்தது. தினம் காலையில் கோழிக்குத் தீனி போடப் போகும்போது லெனோரா அந்தக் கதவருகே கொஞ்ச நேரம் நிற்பாள். உள்ளே போக மாட்டாள். ஏப்ரலில் மண் இளகியது. போதகரும் வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்றைக்குப் பார்த்து தலைநகரம் பியரில் வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள்.

"நிலம் இளகற நாளும் மனு குடுக்கற நாளும் ஒண்ணா வந்தா நான் என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு எமெட் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். லெனோராவும் அவள் தம்பியும் போதகருமாகக் குழந்தையைப் புதைத்தார்கள். எமெட் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். பிறகு எல்லாத் தேர்தலிலும் ஜெயித்தார்.

அவரிடம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள், எனக்கு அங்கே எல்சி பக்கத்தில்தான் இடம் வேண்டும் என்று. அவர் பதில் சொல்ல மாட்டார், உரை நிகழ்த்துவார். இப்போது மகன் லோவெலிடம் கேட்க வேண்டியிருந்தது.

லோவெல் அப்பாவின் நாற்காலிக்கு நின்றுகொண்டிருந்தான். கட்சிக்குள் நடக்கிற முதல்கட்ட ஓட்டு ஜூன் தொடக்கத்தில். அதற்குச் சரியாக முந்தின வாரம் நினைவு நாள், ஊர் முழுக்கக் கல்லறைக்குப் பூவோடு வருகிற நாள். அந்த இரண்டையும் அப்படி அடுத்தடுத்து வைத்தது தன் குடும்பத்துக்காகவே என்கிற மாதிரி அவன் பேசுவான். தட்டி, நோட்டீஸ் எல்லாம் அம்மாவின் சமையலறையில் கொண்டுவந்து இறக்கினான்.

"அம்மா, இப்பப் போய் அந்தப் பேச்சை எடுக்காதீங்க. ரெண்டு வாரத்துல ஓட்டு."

"நீ சட்டசபைக்குப் போறதுக்கும் நான் குழிக்குப் போறதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இருக்கும்மா. நோட்டீஸைப் பாருங்க. 'குடும்பமே அஸ்திவாரம்.' அப்பாவும் நீங்களும் ஒரே கல்லுல. அதைத்தான் படமாப் போட்டிருக்கேன்."

லெனோரா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"என் கல்லறையை ஓட்டு நோட்டீஸ்ல போட்டிருக்கியா?"

"உங்க பேர் அவ்வளவாத் தெரியலை. அந்தப் பக்கம் நிழல் விழுந்துடுச்சு."

"அது நிழல் இல்லடா. உங்கப்பா."

லோவெல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பாவைப் போலவே, சமாதானம் பேசும்போது முழங்கையை மேசைமேல் ஊன்றுவான்.

"சரி, இப்படிப் பண்ணலாம். அக்காவை அங்கேருந்து எடுத்து இங்க வரிசையில கொண்டாந்து வெச்சுடலாம். அடிலெய்டு டீச்சருக்கும் சந்தோஷம். 'சட்டசபை உறுப்பினரின் மகள்'னு ஒரு சின்னக் கல்லு."

"அவ இருந்தப்ப உங்கப்பா எந்தச் சபைக்கும் உறுப்பினர் இல்ல. அவளுக்கு அப்பாவா இருக்கத்தான் நேரமில்லாம இருந்தார். ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில காத்துக் கிடந்த பிள்ளைடா. அவளை மறுபடியும் தோண்டுவியா?"

"யோசிக்கலாம்மா," என்று லோவெல் எழுந்தான். அந்தக் குடும்பத்தில் 'யோசிக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று லெனோராவுக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும்.

மறுநாள் சவ அடக்க நிலையம் வைத்திருக்கிற கெர்ஹார்ட் ஃபைஃப்லேயிடம் போனாள். நல்ல மனிதர், எல்லாரையும் அளவெடுக்கிற மாதிரிப் பார்ப்பார். பாவம், தொழில் பழக்கம்.

"நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் உங்க பேச்சுத்தான், லெனோராம்மா. ஆனா என் வேலை ஆரம்பிக்கறதே அதுக்கப்புறந்தான். அப்ப இந்த நாற்காலியில வந்து உட்காரப் போறது லோவெல். கல்லு தயாரா இருக்கே, இடம் வாங்கி வெச்சிருக்கேன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? பிணத்துக்கிட்டயா கேக்க முடியும்?"

"அப்ப அவன் வாயால சொல்லணுங்கறீங்க."

"நாலு பேர் கேக்கச் சொன்னான்னா போதும். அரசியல்வாதி தனியாச் சொன்னதை மாத்துவான். கூட்டத்துல சொன்னதை மாத்தறதுக்கும் கொஞ்ச நாளாவது யோசிப்பான்."

நினைவு நாள் வந்தது. டகோட்டாவில் மே மாதம் என்றாலும் காற்று கோட்டுக்குள் கை விட்டுப் பார்க்கும். குளிரால் அந்த வருஷம் பியோனிகள் மொட்டாகவே நின்றுவிட்டன. பெண்கள் லைலாக் கொத்துகளைக் காபி டப்பாவில் வைத்து, வெள்ளித்தாள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மேட்டில் மடக்கு நாற்காலிகள். லெனோராவுக்கு முதல் வரிசை, தன் கல்லுக்கு நேர் எதிரே. மடியில் இரண்டு டப்பா. ஒன்று இங்கே வைக்க, இன்னொன்று வடக்கே கொண்டுபோக.

முன்னாள் படைவீரர்கள் பொத்தான் எட்டாத சட்டைகளில் நின்று மூன்று தடவை வானத்தைச் சுட்டார்கள். பிறகு பெரியவர் வரிசையின் பெயர் கூப்பிடுகிற சடங்கு. மேட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் மைக்கில் படிப்பார்கள். அந்த வீட்டார் ஒருவர் முன்னால் வந்து 'இங்கே உறங்குகிறார்' என்று பதில் சொல்ல வேண்டும். சொந்தம் யாரும் மிஞ்சாதவர்களுக்கு அடிலெய்டு சொல்லுவாள்.

படிப்பவர் கிழவர் வெண்டல் ஸ்ட்ரோ. எழுதிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் படிப்பார். என்ன படிக்கிறோம் என்பது அவர் பொறுப்பில்லை. எழுதிக்கொடுப்பவள் அடிலெய்டு. 'கல்லில் இருப்பதுதான் சரித்திரம்' என்பது அவளுடைய கொள்கை. முந்தின நாள் வரிசை முழுக்க நடந்து, கல்லில் இருந்ததை இருந்தபடியே எழுதிவந்திருந்தாள்.

"ஜெஃப்தா கோல்ட்வெயிட், காங்கிரஸ் உறுப்பினர்!" என்றார் வெண்டல்.

"இங்கே உறங்குகிறார்," என்றாள் அடிலெய்டு, கலிபோர்னியாவின் திசையைக்கூடப் பார்க்காமல்.

நீதிபதி உறங்கினார். வரி ஆணையர் உறங்கினார். பிறகு, முதல் தடவையாக, எமெட்டின் முறை. லோவெல் மைக்குக்கு வந்தான். வாரப் பத்திரிகையின் புகைப்படக்காரர் முழங்காலிட்டுத் தயாராக இருந்தார்.

"எமெட் ராட்மாக்கர், மாநிலச் சட்டசபை உறுப்பினர், மக்களின் தொண்டர்!"

"இங்கே..." லோவெலின் குரல் உடைந்தது. ஒரு கணம் நிறுத்தி, விழுங்கி, "உறங்குகிறார்," என்று முடித்தான். கூட்டத்தில் இரண்டு கைக்குட்டைகள் வெளியே வந்தன. புகைப்படக்காரர், இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று விரலால் காட்டினார். லோவெல் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி, கையை நெஞ்சில் வைத்தான்.

வெண்டல் அடுத்த வரிக்கு வந்தார்.

"லெனோரா ராட்மாக்கர், இவருடைய மனைவி!"

"இங்கே உறங்குகிறார்," என்றான் லோவெல், கேமராவைப் பார்த்து.

வருஷா வருஷம் இரைச்சலும் விசிலுமாகப் பாதிப் பேச்சை விழுங்குகிற மைக், அன்றைக்கு மட்டும் மாதாகோவில் மணி மாதிரி வேலை செய்தது. தானியக் கோபுரத்தில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொல்லிற்று.

அடிலெய்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்வதற்குள், டேப் ரிக்கார்டரில் ஊதுகுழல் இசை தொடங்கிவிட்டது. அதைத் தொடங்குகிறவருக்குக் காது கேட்காது. இசை தொடங்கினால் எழுந்து நிற்க வேண்டும், பேசக் கூடாது. எல்லாரும் எழுந்தார்கள், தொப்பிகள் இறங்கின. லெனோரா தன் சாவுக்கு எழுந்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ரொட்டிக் கடைக்காரி, மருந்துக் கடைக்காரர், இரண்டு வருஷமாகப் பேசாமல் இருக்கிற நாத்தனார். நாத்தனாரின் கண் கலங்கியிருந்தது. பிறகு வழக்கத்தை மீறுவானேன் என்று லெனோராவும் எழுந்து நின்றாள். லைலாக்கிலிருந்து ஓர் எறும்பு இறங்கி அவள் மணிக்கட்டில் ஊர்ந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. மகன் அவளை அப்போதுதான் பார்த்தான்.

சாப்பாடு படைவீரர் சங்கத்து நிலவறைக் கூடத்தில். பன்றித்தொடைக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பாலாடையும் பிளம் பழமும் வைத்துச் சுட்ட கூகன். சாவுக்கும் கல்யாணத்துக்கும் அங்கே அதே சாப்பாடுதான். அதனால் லெனோராவிடம் துக்கம் விசாரிப்பதா, நலம் விசாரிப்பதா என்று பலபேருக்குக் குழப்பம்.

வெண்டல் தட்டோடு வந்தார். "தப்பா நினைக்காதேம்மா. பேப்பர்ல இருந்துச்சு, படிச்சேன்."

"நீங்க கூப்பிட்டதுல தப்பில்ல, வெண்டல். நான் பதில் சொல்லாம இருந்ததுதான் தப்பு."

ஃபைஃப்லே அவளை அளவெடுத்துப் பார்த்துவிட்டு, "முகம் பிரமாதமா இருக்கு, லெனோராம்மா. நானே பண்ணியிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது," என்றார்.

அடிலெய்டு மட்டும் தலை நிமிரவில்லை. "கல்லுல இருந்துச்சு, லெனோரா," என்றாள் மெல்ல. "நான் பொய் எழுதலை."

"தெரியும். உன் சரித்திரம் சரிதான். நான்தான் அதுக்குப் பின்தங்கிட்டேன்."

கூடத்தின் அந்தக் கோடியில் எதிர்வேட்பாளர் மார்வின் டூஃபெக்கின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். விதை வியாபாரிகள், குரல் வயலுக்குக் கேட்கும். "பெத்த தாயை உயிரோட புதைச்சவனுக்கு ஓட்டாம்!" என்று ஒருவன் சொல்ல, "ஏன்ப்பா, செத்தவங்க ஓட்டு எப்பவும் அவங்க குடும்பத்துக்குத்தானே விழும்?" என்றான் இன்னொருவன். அந்த மேசை முழுக்கச் சிரிப்பு.

லோவெல் வெளிறிய முகத்தோடு வந்து அம்மாவின் தோளைத் தொட்டான். பின்னால் புகைப்படக்காரர்.

"அம்மா, வாய் தவறிடுச்சு. வாங்க, நாம ரெண்டு பேரும் சிரிச்சமாதிரி ஒரு படம் எடுத்துக்கலாம். எல்லாம் சரியாயிடும்."

"வாய் தவறலை லோவெல். ஊர் முழுக்கக் கேட்டுச்சு. என்னை அந்தக் கல்லுக்குக் கீழ போட்டுட்டே. சரி, போட்டது போட்டதாவே இருக்கட்டும். உங்கப்பா கேட்டதும் அதுதானே. அந்தக் கணக்கு தீந்துது. இனி நான் சாகறது என் சொந்தச் சாவு. அதுக்கு எங்க போறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

"மெதுவாப் பேசுங்கம்மா."

"எதுக்கு மெதுவா? உனக்குப் படம் வேணும். எனக்கு எடம் வேணும். ஃபைஃப்லே அங்க நிக்கறார். எல்லாரும் கேக்கச் சொல்லு. சொன்னா உன் பக்கத்துல வந்து பல்லு முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கறேன்."

லோவெல் விதை வியாபாரிகளின் மேசையைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். அவன் மனசுக்குள் கூட்டல் கழித்தல் நடப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எமெட்டுக்கும் இதே மாதிரித்தான் காதோரம் சிவக்கும்.

பிறகு அவன் ஒரு கரண்டியை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் தட்டினான்.

"நண்பர்களே! இன்னிக்கு நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஆனா அந்தத் தப்பு எனக்கு ஒரு விஷயத்தைக் கத்துக்குடுத்துச்சு. எனக்கு ஓர் அக்கா இருந்தா. பேரு எல்சி. வடக்க, ஆளில்லாத கல்லறையில தனியாப் படுத்திருக்கா. எங்கம்மாவுக்கு ஒரே ஆசைதான், அவ பக்கத்துல போய்ப் படுக்கணும். கல்லு என்ன சொன்னாலும் சரி, பெரிய மனுஷங்க வரிசை என்ன சொன்னாலும் சரி, எங்கம்மா அங்க..." குரல் உடைந்தது. நிறுத்தினான். விழுங்கினான். "...அங்கதான் உறங்குவாங்க. இது என் வாக்கு!"

கூடம் கைதட்டியது. நாத்தனார் வாய்விட்டு அழுதாள். விதை வியாபாரிகளில் ஒருவன்கூட மூக்கைச் சிந்தினான். ஃபைஃப்லே லெனோராவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

லெனோரா மகன் பக்கத்தில் போய் நின்று, வாக்குக் கொடுத்தபடி சிரித்தாள். அவனுடைய குரல் உடைந்த இடத்தை அவள் கவனித்திருந்தாள். காலையில் மேட்டில் எந்த இடத்தில் உடைந்ததோ, அச்சாக அதே இடம். கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளையிடமிருந்து கிடைத்த மாதிரி இல்லை, வேட்பாளரிடமிருந்து கிடைத்த மாதிரி இருந்தது.

"எல்சிகிட்டப் போறேன், வர்றியா? நீ இதுவரைக்கும் பார்த்ததேயில்ல," என்றாள் படம் முடிந்ததும்.

"இன்னிக்கு இன்னும் மூணு ஊர் இருக்கும்மா. ஓட்டு முடியட்டும், நிதானமாப் போலாம். அங்க வாக்காளர்கள் யாராவது... இல்ல, சும்மா கேட்டேன்."

"ஒருத்தி இருக்கா. பட்டியல்ல சேர்க்கற வயசு வரலை."

இரண்டாவது டப்பாவை எடுத்துக்கொண்டு அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். கூரையில்லாத கோவிலுக்குள் குருவிகள் போய்வந்துகொண்டிருந்தன. கல் ஆட்டுக்குட்டியின் காதுகளை மழை தின்றுவிட்டது. இப்போது ஆடா, பூனையா, ரொட்டித்துண்டா என்று சொல்ல முடியாது. லைலாக்கை அதன் முன்னால் வைத்தாள். பக்கத்துப் புல்லைக் கையால் தடவிப் பார்த்தாள். ஈரமாக, மெத்தென்று இருந்தது.

"எடம் வாங்கிட்டேன்டி. உன் தம்பி நல்லாப் பேசினான்," என்றாள்.

லோவெல் ஜெயித்தான். நிதானமாகப் போகிற நாள் மட்டும் வரவில்லை. லெனோரா எமெட்டின் கெடுவைச் சட்டை செய்யாமல் இரண்டாயிரத்தையும் தாண்டினாள். ஒரு பிப்ரவரி மாதத்தில், சட்டசபை கூடியிருந்த வாரத்தில், கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஃபைஃப்லே பியரில் சட்டசபைக்கு டெலிபோன் செய்தார். லோவெல் நிஜமாகவே அழுதான். அழுகை நின்றதும் கேட்டான்: "பட்ஜெட் ஓட்டெடுப்பு நடக்குது. கொஞ்ச நாள் தள்ளி வெக்க முடியுமா? நிலமும் உறைஞ்சுதானே கிடக்கும்? முன்னெல்லாம் வசந்தம் வரைக்கும் வெச்சிருப்பாங்களே."

"இப்பல்லாம் நிலத்தைச் சூடு பண்ண இரும்பு மூடி இருக்கு, லோவெல். ஒரே நாள்ல இளகிடும். உங்கம்மா என்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காங்க: 'என்னைக் காக்க வெக்காதீங்க. இந்த வீட்டுல ஒருத்தி காத்துக் கிடந்தது போதும்.'"

மறுமுனையில் பின்னால் யாரோ அவனைப் பதவிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்ப நடத்திடுங்க. நான் மலர்வளையம் அனுப்பறேன்."

அடிலெய்டும் நாத்தனாரும் ஃபைஃப்லேயும் வாடகைக்கு வந்த ஒரு போதகரும் நின்றார்கள். ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் மண் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. மலர்வளையம் பெரியது. அதன் நாடாவில் லெனோராவின் பெயரைவிட லோவெலின் பதவி நீளமாக இருந்தது. போதகர் ஆமென் சொல்வதற்குள் காற்று அதைத் தூக்கி, சோளத் தாள்கட்டைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போயிற்று. யாரும் பின்னால் ஓடவில்லை.

மேட்டில் கல் அப்படியே நிற்கிறது. பத்தொன்பதுக்கு அப்புறம் வழவழவென்று வெறும் கல். வெண்டல் போய்விட்டார், இப்போது வேறொருவர் படிக்கிறார். ஒவ்வொரு மே மாதமும் கோல்ட்வெயிட்டைக் கூப்பிடுகிறார்கள், எமெட்டைக் கூப்பிடுகிறார்கள், பிறகு 'லெனோரா ராட்மாக்கர், இவருடைய மனைவி' என்று கூப்பிடுகிறார்கள். லோவெல் நெஞ்சில் கை வைத்து, "இங்கே..." என்று நிறுத்தி, விழுங்கி, முடிக்கிறான்.

அந்த நேரத்தில் அடிலெய்டு மட்டும் வடக்குப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எழுதிக்கொடுத்ததை மாற்றுவதில்லை. கல்லில் அப்படித்தான் இருக்கிறது.